பின்பாரம்: ஒரு மின்சார டிராக்டர், முக்கால் வேலி நெல், ஒரு வாய்க்கால் கரை

தை பிறந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். என் அத்தான் பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவரிடமிருந்து பழைய மின்சார டிராக்டர் ஒன்றை வாங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். ஊர் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருக்கிறது. வயலில் பதினைந்து மா, அதாவது முக்கால் வேலி, ஏக்கர் கணக்கில் ஐந்து, சம்பா முற்றி நின்றது. அக்கா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது நெல்லு இழுக்குமா?" என்று கேட்டாள். அத்தான் காது கேட்காதவர்போல டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் எடுப்பவன். அறுப்புக்கு இரண்டு நாள் விடுப்புப் போட்டுப் போயிருந்தேன். ஒவ்வொரு நடைக்கும் பேட்டரி எவ்வளவு இறங்கியது, எங்கே நின்றோம், எதனால் நின்றோம் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். இந்தக் கட்டுரை அந்த நோட்டிலிருந்து எழுதியது. வண்டி எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. கீழே வரும் சிக்கல்களில் பாதி இந்த அளவு மின்சார வண்டி எல்லாவற்றுக்கும் பொது. மீதிப் பாதி எங்கள் தப்பு.

வண்டியும் பாரமும்

மோட்டார் 11 கிலோவாட், குதிரைத்திறனில் 15. பேட்டரி புதிதில் 25 யூனிட் கொள்ளளவு. நான்கு வருடம் ஓடிய பிறகு 22 யூனிட் தேறும் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். இந்த அளவு டிராக்டர்கள் நம் நாட்டில் புதிதல்ல. 2020 டிசம்பரில் சோனாலிகா 'டைகர் எலெக்ட்ரிக்' என்ற வண்டியைக் கொண்டுவந்தபோது, 2 டன் டிராலியோடு 8 மணி நேரம் ஓடும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குச் சற்றுக் கீழே என்று சொன்னது. துர்காபூரில் உள்ள மத்திய அரசு ஆய்வு நிறுவனமான சிஎம்இஆர்ஐ 2023-இல் 'பிரைமா இடி11' என்ற ஒன்றை வெளியிட்டது. அது 1.8 டன் டிராலி இழுக்கும், வயல் வேலையில் 4 மணி நேரத்துக்கு மேல், பாரம் இழுத்தால் 6 மணி நேரத்துக்கு மேல் ஓடும் என்பது அவர்கள் கொடுத்த கணக்கு. எங்கள் வண்டி இந்த இரண்டும் அல்ல, ஆனால் அதே வகுப்பு.

அந்த 4-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். உழுவதைவிட இழுப்பது டிராக்டருக்கு லேசான வேலை. ஆகவே மின்சார டிராக்டரிடம் முதலில் எதிர்பார்க்க வேண்டியதே பாரம் இழுப்பதுதான் என்ற நம்பிக்கையோடு போனேன். நம்பிக்கை பொய்க்கவில்லை, ஆனால் நான் நினைத்த வழியில் வரவும் இல்லை.

டிரெய்லர் ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம், வெறும் வண்டி 600 கிலோ. அதில் 1,400 கிலோ நெல் கொட்டினால் 2 டன். டிராக்டரும் ஓட்டுபவரும் சேர்ந்து ஒரு டன். ஆக மொத்தம் நகர வேண்டியது 3 டன். வயலிலிருந்து அரசு நெல் கொள்முதல் நிலையம் வரை வழி இப்படி: முதல் 600 மீட்டர் மண் பாதை, அதன் முடிவில் வாய்க்கால் கரைமேல் ஒரு ஏற்றம், அதற்கப்புறம் 5 கிலோமீட்டர் தார்ச்சாலையும் சிமென்ட் சாலையும்.

முதல் நாள்

அறுப்புக்கு இரண்டு நாள் முன்பு ஒரு மழை. 'தை மழை நெய் மழை' என்று சொன்னவர் டெல்டாவில் நெல் அறுத்தவராக இருக்க முடியாது. களிமண் பாதை மேலே காய்ந்த மாதிரி தெரிந்தது. கால் வைத்தால் செருப்பு தங்கிவிட்டது. சேலத்துப் பக்கத்திலிருந்து வந்த செயின் மெஷின் ஒன்றை, அதாவது டயருக்குப் பதில் செயின் பட்டையில் ஓடும் அறுவடை மெஷினை, அத்தான் பிடித்திருந்தார். டயர் மெஷின் அந்த ஈரத்தில் இறங்கியிருக்காது.

மெஷின் டேங்க் நிரம்பியதும் டிரெய்லரில் கொட்டியது. அத்தான் மிதித்தார், வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. இதில் மின்சார வண்டியை மெச்சத்தான் வேண்டும். டீசல் எஞ்சினுக்கு ஒரு அளவு சுற்று வந்தால்தான் முழு இழுவை வரும், அதுவரை கிளட்சைத் தேய்க்க வேண்டும். மின் மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்கு விசை கொடுக்கும். சேற்றில் அமுங்கி நின்ற 2 டன்னைக் கிளப்பியபோது ஒரு உலுக்கல்கூட இல்லை. வரப்போரம் நின்றவர்கள், "போகுதுடா" என்றார்கள்.

கரை ஏற்றத்தில் பாதியில் நின்றது.

பின்சக்கரம் இரண்டும் சுற்றின, வண்டி நகரவில்லை. அத்தான் விடாமல் மிதித்தார். சக்கரம் வழுக்கி, பிடித்து, வழுக்கி, அரை நிமிடம் போனது. பிறகு டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு வந்து மோட்டார் தானாகவே கை விரித்துவிட்டது. மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலர் சூடாகிவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். வழுக்கிய சக்கரம் மண்ணைப் பிடித்து, சுற்றாமல் நின்று, மோட்டார் மட்டும் முக்கிக்கொண்டிருக்கும்போது, உள்ளே போகும் மின்சாரம் முழுக்கச் சூடாகத்தான் மாறும். நின்ற நிலையில் முழு விசை கொடுக்கும் என்று மேலே மெச்சினேனே, அதன் மறுபக்கம் இது. அந்த விசையைச் சில விநாடிகள்தான் வாங்கலாம், நிமிடக்கணக்கில் வாங்க முடியாது.

அடுத்து நடந்ததுதான் பயமுறுத்தியது. அத்தான் டீசல் டிராக்டர் பழக்கத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கீழே குனிந்து பார்த்தார். டீசல் வண்டி கியரில் கிடந்தால் எஞ்சினே சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மின் மோட்டாருக்குள் அப்படிப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. மின்சாரம் நின்றால் அது சும்மா சுற்றும் ஒரு உருளை. 3 டன் மெல்லப் பின்னால் உருண்டது. டிரெய்லருக்குத் தனி பிரேக் கிடையாது, நம் ஊர் டிரெய்லர்கள் பலவற்றுக்கு இல்லை. நான் கையில் கிடைத்த பூவரசங்கட்டையை டிரெய்லர் சக்கரத்தடியில் போட்டேன். அத்தான் கைபிரேக்கை இழுத்தார். ஒரு முழம் உருண்டிருக்கும். அன்றைக்கு அக்கா மகன் டிரெய்லருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான் என்பதை அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

வண்டிக்காரத் தாத்தா சொன்னது

வரப்போரக் கூட்டத்தில், நாற்பது வருடம் மாட்டுவண்டி ஓட்டிய தாத்தா ஒருவர் இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்து டிரெய்லரைப் பார்த்தார்.

"தம்பி, பின்பாரமா ஏத்திருக்கு. மாட்டு வண்டியா இருந்தா நுகத்தடி மேல தூக்கிக்கிட்டு மாட்டுக் கழுத்த நெரிச்சிருக்கும். முன்பாரம் குடு."

மெஷினின் குழாய் எட்டிய இடத்தில் நெல் கொட்டியதால் குவியல் டிரெய்லரின் பின்பாதியில் கிடந்தது. ஒற்றை அச்சு டிரெய்லரில் அச்சுக்குப் பின்னால் எடை கூடினால், கொக்கி டிராக்டரின் பின்பக்கத்தை மேலே தூக்கும். இழுக்க வேண்டிய சக்கரங்கள் மீதே எடை குறைந்துவிடும். நான் இதைப் பாடமாக நடத்துகிறேன், கரும்பலகையில் படம்கூடப் போடுவேன். வயலில் அது என் கண்ணில் படவில்லை.

நாலு பேர் மண்வெட்டியால் நெல்லை முன்னால் தள்ளினோம். வண்டி ஆற இருபது நிமிடம் ஆனது. வைக்கோலை ஏற்றத்தில் பரப்பி மறுபடி முயன்றோம். ஒரு கை தூரம் கூடுதலாக ஏறியது, அவ்வளவுதான். கடைசியில் பங்காளி வீட்டு 45 குதிரைத்திறன் டீசல் டிராக்டர் வந்து கயிறு போட்டு மேலே இழுத்துவிட்டது. அந்த வீட்டுப் பையன் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. முகம் சொல்லிவிட்டது.

அன்று ராத்திரி நோட்டில் போட்ட கணக்கு இது. ஏற்றம் எட்டடி போனால் ஒரு அடி உயரும் சரிவு. 3 டன்னை அதில் ஏற்றச் சரிவுக்காக மட்டும் 375 கிலோ அளவுக்கு இழுவை வேண்டும். ஈரக் களிமண்ணில் சக்கரம் உருள்வதற்குப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இன்னும் 300 கிலோ. மொத்தம் 675. 11 கிலோவாட் மோட்டார் ஆள் நடக்கும் வேகத்தில் இதைக் கிட்டத்தட்டக் கொடுத்துவிடும். ஆனால் பின்சக்கரங்கள் மீது உட்காரும் எடை, கொக்கியின் பாரத்தையும் சேர்த்து, 800 கிலோதான். ஈரக் களிமண்ணில் அதில் பாதிகூடப் பிடிப்பாகக் கிடைக்காது, 400-க்கு மேல் போகாது. மோட்டாரை இரண்டு மடங்காக்கியிருந்தாலும் சக்கரம் இரண்டு மடங்கு வேகமாகச் சுற்றியிருக்கும், வண்டி அங்கேயேதான் நின்றிருக்கும். பெரிய டீசல் டிராக்டர் ஏறியதற்கு அதன் எஞ்சினைவிட அதன் இரண்டு டன் எடையும் ஆளுயர டயரும்தான் காரணம்.

அந்த ஏற்றத்தின் உயரம் 3 மீட்டர். 3 டன்னை 3 மீட்டர் தூக்க ஆகும் மின்சாரம் ஒரு யூனிட்டில் நாற்பதில் ஒரு பங்கு. செல்பேசியை ஒன்றிரண்டு தடவை சார்ஜ் போடுகிற அளவு. ஆற்றல் கணக்கில் ஒன்றுமில்லாத இடம், விசைக் கணக்கில் வண்டியை நிறுத்திவிட்டது.

பேட்டரி எங்கே போனது

டெல்டாவில் மேடு என்று ஒன்று கிடையாது. தஞ்சாவூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 60 மீட்டர். அங்கிருந்து நாகப்பட்டினம் கடற்கரை ஏறக்குறைய 80 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்காத நிலம் இது. அதனால்தான் காவிரித் தண்ணீர் நின்று நிதானமாகப் பாய்கிறது, அதனால்தான் இங்கே மின்சார வண்டி நன்றாக ஓட வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் இந்தத் தட்டை நிலத்தில் ஒவ்வொரு வயலுக்கும் சாலைக்கும் நடுவே ஒரு வாய்க்கால் கரை நிற்கிறது. எங்கள் ஊர் மலைகள் மூன்று மீட்டர் உயரம்.

முதல் நாள் மூன்று நடை அடித்தோம். மூன்று தடவையும் பங்காளி வீட்டு டிராக்டர்தான் கரையேற்றிவிட்டது. பேட்டரி 100-இலிருந்து 54-க்கு வந்திருந்தது, கிட்டத்தட்ட 10 யூனிட். ஒரு நடை என்பது போகவர 11 கிலோமீட்டருக்குச் சற்று மேல், அதில் மண் பாதை 1.2 கிலோமீட்டர்தான். பத்தில் ஒரு பங்கு தூரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மின்சாரத்தைத் தின்றிருந்தது. தார்ச்சாலையில் உருளும் தடை பாரத்தில் நூற்றில் இரண்டு பங்கு, சேற்றில் அதைப்போல் ஐந்து மடங்கு. கணக்கும் மீட்டரும் ஒத்துப்போயின.

இந்த இடத்தில் ஒரு விஷயம். மின்சார வண்டியில் பாரம் இழுப்பது பற்றி இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் அமெரிக்கக் கதைதான். 2022-இல் வந்த ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் என்ற மின்சார பிக்கப் வண்டி 4,500 கிலோ வரை இழுக்கும், ஆனால் பெரிய கேம்பர் டிரெய்லரை மாட்டினால் ஓடும் தூரம் பாதிக்குக் கீழே வந்துவிடுகிறது என்று சோதித்தவர்கள் பலரும் சொன்னார்கள். உண்மைதான். அங்கே எதிரி காற்று. மணிக்கு 100 கிலோமீட்டரில் வீடு மாதிரி ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறார்கள். காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும், ஆகவே 100-இல் இருப்பது 20 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைப்போல் 25 மடங்கு. நாங்கள் போனது 20-இல். தார்ப்பாயை நெல்மீது கட்டாமல் போனபோதுகூட ஒரு மணி பறக்கவில்லை. அங்கே முந்நூறு நானூறு கிலோமீட்டர் பயணத்தில் நடுவழியில் சார்ஜ் போடுவது பெரிய தலைவலி. இங்கே ஒரு நாள் முழுக்க இழுத்தும் மாலையில் பாதிப் பேட்டரி மிச்சம். அவர்களுடைய பிரச்சினையை வைத்து நம் ஊர் வண்டியை எடைபோடுவது, கடல் மீனுக்குக் குளத்தில் தூண்டில் போடுகிற கதை.

மெஷின்காரர் கோபம்

முதல் நாளின் உண்மையான நஷ்டம் பேட்டரியிலோ கரையிலோ இல்லை. மெஷின் டேங்க் நிரம்பினால் கொட்டுவதற்கு டிரெய்லர் இருக்க வேண்டும். 45 குதிரைத்திறன் டிராக்டர் ஒரு நடையில் 4 டன் கொண்டுபோகும், முக்கால் வேலிக்கு மூன்று நடை. எங்களுக்கு மொத்த நெல் 11 டன், நடை எட்டு. டிரெய்லர் கொள்முதல் நிலையம் போய்த் திரும்பும்வரை மெஷின் வயல் நடுவே எஞ்சினை ஓடவிட்டு நின்றது. வாடகை மணிக்கணக்கில், மணிக்கு ஆயிரங்களில். மதியத்துக்குள் மெஷின்காரர், "அண்ணே, நாளைக்கு வேற ஊருல அறுப்பு இருக்கு" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

எட்டு நடைக்கும் சேர்த்து வீட்டு மீட்டரில் ஏறியது 23 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் 200 ரூபாய்க்குள். பங்காளி வீட்டு டிராக்டர் இதே நெல்லை இழுக்க 8 லிட்டர் குடித்திருக்கும் என்று அதன் டிரைவரே சொன்னார். டீசல் 90 ரூபாய்க்கு மேல் விற்கிறது, 700 ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கும். மிச்சம் 500 சொச்சம். ஆனால் முதல் நாள் மெஷின் சும்மா நின்ற நேரத்தின் வாடகை இதைப்போல் பல மடங்கு. எரிபொருள் கணக்கை மட்டும் போட்டுவிட்டு மின்சார வண்டி லாபம் என்று எழுதுகிறவர்களை இனிமேல் நம்பமாட்டேன். நானும் அப்படி எழுதியிருக்கிறேன்.

இரண்டாம் நாள்

ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து இரண்டு மாற்றம் செய்தோம். முதலாவது மெஷின்காரரே சொன்னது. செயின் மெஷினுக்குக் கரை ஒரு பொருட்டே அல்ல. டேங்க் நிரம்பியதும் அதுவே கரைமேல் ஏறி வந்து கொட்டட்டும், டிராக்டர் வயல் பக்கம் இறங்கவே வேண்டாம். இரண்டாவது அத்தானின் யோசனை, எனக்குப் பிடித்தது. பக்கத்து ஊர் நண்பரிடம் இன்னொரு டிரெய்லரை இரவல் வாங்கினார். ஒன்றை டிராக்டர் இழுத்துக்கொண்டு போகும்போது மற்றது கரைமேல் முட்டுக்கொடுத்து நிற்கும், மெஷின் அதில் கொட்டும். டிராக்டர் காலி டிரெய்லரோடு வந்து, அதைக் கழற்றிவிட்டு, நிரம்பியதை மாட்டிக்கொண்டு திரும்பிவிடும்.

மாட்டிக் கழற்றுவதில் மின்சார டிராக்டரை அடிக்க ஆள் இல்லை. டீசல் வண்டியில் கொக்கியைத் துளைக்கு நேராகக் கொண்டுவரக் கிளட்சை விட்டுவிட்டுப் பிடித்து, "இன்னும் கொஞ்சம், போதும், போச்சு, முன்னாடி போ" என்று ஒருவர் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். இதில் விரல் கனம், விரல் கனமாகப் பின்னால் வரலாம். இரண்டாவது தடவையிலிருந்து அத்தான் ஒரே ஆளாக இறங்கிக் கொக்கி ஆணியைச் செருகிவிட்டு ஏறினார்.

ஐந்து நடை அடித்தோம். பேட்டரி 100-இலிருந்து 58. முதல் நாள் மூன்று நடைக்கு ஆனதைவிடக் குறைவு. மெஷின் அநேகமாக நிற்கவில்லை. கரை ஏறி இறங்கும் நேரம் அதற்குக் கூடுதல் செலவுதான், இருந்தாலும் முதல் நாள் காத்திருந்ததோடு ஒப்பிட்டால் அது பெரிதாகத் தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கை. காலையில் முழுச் சார்ஜோடு கிளம்பிய முதல் நடையில், மதகுப் பாலத்தின் இறக்கத்தில் வண்டி அத்தான் எதிர்பார்த்த அளவு அடங்கவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைத்துப் பேட்டரிக்கு மின்சாரம் திருப்பும். பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருந்தால் அந்த மின்சாரத்தை வாங்க இடமில்லை, ஆகவே அந்தப் பிடிப்பும் இருக்காது. பின்னால் பிரேக் இல்லாத 2 டன் தள்ளிக்கொண்டு வருகிறது. ஈரச் சாலையில் அந்த நேரம் பிரேக்கை அழுத்தினால் டிரெய்லர் பக்கவாட்டில் திரும்பி டிராக்டர்மீது மடங்கிவிடலாம். நூறுக்குப் பதில் தொண்ணூறோடு சார்ஜை நிறுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. இறக்கத்தில் திரும்பக் கிடைக்கும் மின்சாரம் டெல்டாவில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை, அதற்காக யாரும் வண்டி வாங்க வேண்டாம். பிரேக்காக மட்டும் அதற்கு மதிப்பு உண்டு.

கொள்முதல் நிலைய வாசலில்

வாசலில் பதினோரு டிராக்டர் வரிசை. உள்ளே ஈரப்பதம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் காயவைக்கச் சொல்வார்கள், மழை பெய்த வருடங்களில் இதைத் தளர்த்தச் சொல்லித்தான் டெல்டாவில் ஆண்டுதோறும் குரல் எழுகிறது. வரிசை பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி நீளம் நகர்ந்தது. முன்னாலும் பின்னாலும் எஞ்சின்கள் அணையவே இல்லை. கேட்டதற்கு முன்வண்டி டிரைவர் சொன்னார்: "அணைச்சா செல்ஃப் எடுக்காது சார். தள்ளி ஸ்டார்ட் பண்ண நாலு பேரு வேணும்." எங்கள் வண்டி அந்த ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் பேட்டரியில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. அத்தான் ஸ்டியரிங்கில் தலைவைத்துத் தூங்கினார்.

சத்தமில்லாததில் ஒரு சங்கடமும் உண்டு. அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கம் பாதிச் சாலையில் நெல் காயும். அதைக் கிண்டிவிடும் பெண்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். டீசல் டிராக்டர் வருவது அரைக் கிலோமீட்டருக்கு முன்பே தெரிந்துவிடும். இது பக்கத்தில் வந்து நின்றபிறகுதான் திரும்பிப் பார்க்கிறார்கள். "பேய் மாதிரி வர்றீங்களே" என்று ஒரு அம்மா திட்டினார். அத்தான் கொக்கியில் ஒரு மாட்டுச் சலங்கையைக் கட்டித் தொங்கவிட்டார்.

காரில் இழுக்கலாமா

இந்தக் கதையைக் கேட்ட கும்பகோணத்து மச்சான், சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர், தன் மின்சார காரில் ஒரு சின்ன டிரெய்லர் மாட்டி அண்டா குண்டானெல்லாம் கொண்டுபோகலாமா என்று கேட்டார். கையேட்டை எடுத்துப் பாருங்கள் என்றேன். பார்த்தார், இழுக்கக் கூடாது என்று அச்சடித்திருந்தது. மாட்டினால் வாரண்டி போகும். டிரெய்லரைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது கொக்கியைப் பற்றித்தான். அண்டாவை ஏற்ற மின்சார லோடு ஆட்டோ போதும். மஹிந்திரா ட்ரியோ சோர் போன்றவை 550 கிலோ வரை முதுகிலேயே சுமக்கும். சுமக்கிற வண்டி இருக்கும்போது இழுக்கிற வண்டி எதற்கு?

லோடு ஆட்டோ நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுத்துவரலாமா என்பது அவருடைய அடுத்த கேள்வி. சக்கரம் சுற்றினால் மோட்டாரும் கூடவே சுற்றி மின்சாரம் உண்டாக்கலாம், உள்ளே இருக்கும் கன்ட்ரோலருக்கு அது ஆகாது. தட்டு லாரியில் ஏற்றிக்கொண்டு வருவதுதான் சரி. குறைந்தபட்சம் மோட்டாரோடு இணைந்த சக்கரங்களாவது தரையில் படக் கூடாது.

கிராவல்

சார்ஜ் பற்றி நீட்டி எழுத எதுவும் இல்லை. மாட்டுக்கொட்டகையில் 15 ஆம்பியர் பிளக், ராத்திரி எட்டு மணி நேரம். மாலை ஏழிலிருந்து பத்துவரை ஊரில் லோ வோல்டேஜ், அதனால் பத்துக்கு மேல்தான் செருகினோம். "பம்ப்செட் கரண்ட்டு சும்மாதானே வருது மாப்ளே" என்று அத்தான் ஒரு தடவை இழுத்தார். அது பாசனத்துக்குக் கொடுத்த இலவச இணைப்பு, வண்டிக்குப் போட்டால் மின்திருட்டு என்றேன். அதோடு விட்டார். வீட்டு மீட்டரில் அப்போது இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக இருந்தது. அறுப்பு மாதத்தில் அதைத் தாண்டியது, ஆனால் பெரிய பில் எதுவும் வரவில்லை.

கரைக்கு மட்டும் வழி செய்ய வேண்டியிருந்தது. சித்திரையில் தண்ணீர் இல்லாத நேரம் பார்த்து, ஏற்றத்தை நீட்டிவிடலாம் என்று முடிவு செய்தோம். எட்டுக்கு ஒன்று என்ற சரிவைப் பதினைந்துக்கு ஒன்றாக்கி மேலே கிராவல் போட்டால், சரிவுக்கு 200 கிலோ, உருள்வதற்கு 120 கிலோ, மொத்தம் 320. கிராவலில் பிடிப்பு 480 வரை கிடைக்கும். மழை பெய்தாலும் தாங்கும். வாய்க்கால் ஐந்து பங்காளிகளுக்குப் பொது, ஆகவே ஐந்து பேர் சம்மதம் வேண்டும். நாலு பேர் தலையாட்டினார்கள். கயிறு போட்டு எங்களை இழுத்துவிட்ட வீட்டுப் பெரியவர் மட்டும், "கரண்டு வண்டி ஏறுறதுக்கு நாங்க ஏன்டா கிராவல் காசு குடுக்கணும்?" என்றார். அத்தான் வாதாடாமல் தன் பணத்தில் இரண்டு டிப்பர் இறக்கினார்.

புரட்டாசியில் குறுவை அறுத்தபோது மறுபடி மழை. எங்கள் வண்டி 1,400 கிலோவோடு, முன்பாரமாக ஏற்றி, நிற்காமல் ஏறியது. மூன்றாவது நடையில் கரைமேல் இடம் இல்லை. அந்தப் பெரியவரின் 45 குதிரைத்திறன் டிராக்டர் 4 டன் நெல்லோடு எங்கள் கிராவலில் ஏறிக்கொண்டிருந்தது. அத்தான் சலங்கையைக் கையால் ஆட்டி ஹாரன் அடித்தார்.